அடிக்கல்லுக்கு முன் பராமரிப்புக் கணக்கு: வன்னியின் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், இந்த நான்கு மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வன்னியின் அபிவிருத்தி பற்றிப் பேச்சு எழும் இடங்களில் சர்வதேசத் தரத்தில் ஒரு விளையாட்டரங்கு வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழும். தெற்காசிய விளையாட்டு விழா மீண்டும் இலங்கைக்கு வருமானால் அதில் ஒரு பங்கையாவது மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இங்கே பலர். அந்த விருப்பத்துக்கு நியாயம் உண்டு. கொழும்பு அந்த விழாவை 1991இலும் 2006இலும் நடத்தியது. 2006 ஓகஸ்ட் 18ஆம் திகதி அங்கே விழா தொடங்கியபோது, வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் முகமாலையில் அடைபட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. எங்களுக்கும் வேண்டும் என்று கேட்கிறவர்களின் பக்கத்தில்தான் நாங்களும் நிற்கிறோம்.

நாங்கள் மைதானம் அமைப்பவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், மெய்வல்லுநர் நடுவர்கள், தண்ணீரும் மின்சாரமும் சார்ந்த பராமரிப்புத் தொழில் செய்பவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த அரங்கையும் கோரித் தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன், விழா முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு அதை யார் பொறுப்பேற்பார்கள், எந்தப் பணத்தில் நடத்துவார்கள் என்ற கணக்கை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காத அரங்கை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் பணம். பன்னாட்டு விளையாட்டு விழாவின் உரிமை அதை நடத்தும் சம்மேளனத்துடையது. நடத்தும் நாடு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறது. அரங்குகளின் விரிவான வரைபடமே கையில் இல்லாத கட்டத்தில் அந்தக் கையொப்பம் விழுந்துவிடும். பற்றாக்குறை வந்தால் அரசே ஈடுசெய்யும் என்ற உத்தரவாதமும் அதற்குள் இருக்கும். அதற்குப் பிறகு திகதியை நகர்த்த முடியாது. விலைமனு தாமதமானாலும், மழை பிந்தினாலும், டொலர் ஏறினாலும் திறப்பு விழா நாள் அப்படியே நிற்கும். வீதிக்கோ பாலத்துக்கோ செலவு கூடினால் வேலையை ஓராண்டு தள்ளிவைக்கலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால் எஞ்சுவது கூடுதல் விலை கொடுத்து அவசரமாக வாங்குவது மட்டும். 1960 முதல் நடந்த ஒலிம்பிக் விழாக்களின் கணக்கை ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பணவீக்கத்தைக் கழித்த பிறகும் மதிப்பீட்டுக்கு மேலான செலவு சராசரியாக 150 சதவீதத்தைத் தாண்டியது. மொன்றியல் 1976 விழாவின் கடன் 2006இல்தான் அடைந்தது.

மதிப்பீடு எங்கே தவறுகிறது என்பதை லண்டனில் தெளிவாகப் பார்க்கலாம். 2012 விழாவைக் கேட்டபோது சொன்ன தொகை 240 கோடி பவுண். 2007இல் அது 930 கோடியானது. விண்ணப்பக் கணக்கில் பெறுமதிசேர் வரி முழுதாக இல்லை; பாதுகாப்புச் செலவு போதுமானதாக இல்லை; எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு மிகக் குறைவு. இலங்கையில் பெறுமதிசேர் வரி இப்போது 18 சதவீதம். ஓடுபாதைப் பொருளும், மின்விளக்கும், நேரம் பதியும் கருவியும், நீச்சல் தடாகத்தின் வடிகட்டியும் டொலரில் வாங்கப்படுபவை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாடு இது. உங்கள் மேசைக்கு ஒரு மதிப்பீடு வந்தால் வரி, நாணய மாற்று, பாதுகாப்பு, எதிர்பாராச் செலவு என்ற நான்கு தலைப்புகளையும் முதலில் தேடுங்கள்.

வன்னிக்கு மிக நெருக்கமான பாடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறது. 2026 பொதுநலவாய விளையாட்டு விழாவை மெல்பேர்ணில் நடத்தாமல் ஜீலோங், பல்லரட், பென்டிகோ போன்ற பிராந்திய நகரங்களில் பரப்பி நடத்துவதாக அந்த அரசு ஏற்றுக்கொண்டது. நோக்கம் நல்லது. நாமும் கேட்பது அதைத்தானே: தலைநகரில் குவிக்காதே, எங்களுக்கும் பிரித்துக் கொடு. ஆனால் இடம் ஐந்தானால் வீரர் குடியிருப்பு ஐந்து, பாதுகாப்பு வளையம் ஐந்து, தற்காலிகப் பார்வையாளர் மாடங்கள் ஐந்து இடங்களில். 260 கோடி அவுஸ்திரேலிய டொலர் என்று தொடங்கிய மதிப்பீடு 600 முதல் 700 கோடி வரை போகும் என்று சொல்லி, 2023 ஜூலை 18ஆம் திகதி அரசு விலகிக்கொண்டது. விலகியதற்கான இழப்பீடு 38 கோடி. வீணான மொத்தத் தொகை 58 கோடியே 90 இலட்சம் என்று மாநிலக் கணக்காய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அரசு சொன்ன அந்த உயர்ந்த மதிப்பீடே மிகைப்படுத்தப்பட்டது என்றும் அவர் கண்டார். கூட்டியும் குறைத்தும் காட்டக்கூடிய எண்களை நம்பி முடிவெடுத்தால் நேர்வது இதுதான். அதே விழாவை நடத்த மலேசியாவுக்கு 10 கோடி பவுண் தருவதாகச் சொல்லியும் 2024இல் அந்த நாடு மறுத்தது. கடைசியில் கிளாஸ்கோ ஏற்றது, பத்து விளையாட்டுகள், ஏற்கெனவே இருந்த நான்கு அரங்குத் தொகுதிகள் என்று சுருக்கி.

நம் நாட்டிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2018 பொதுநலவாய விழாவை அம்பாந்தோட்டை கேட்டது. 2011 நவம்பரில் 43க்கு 27 என்ற வாக்கில் கோல்ட் கோஸ்ட் வென்றது. அந்தப் பக்கத்தில் சூரியவெவவில் 35,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கு 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்டது. இன்று அங்கே நடக்கும் போட்டிகள் சொற்பம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 13 ஆயிரம், முல்லைத்தீவு 92 ஆயிரம். மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் வந்தால்தான் நிரம்பும் அரங்கை எவர் வரைந்து கொண்டுவந்தாலும் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். நாங்கள் அதிகம் கவலைப்படுவது இங்கேதான்.

செயற்கை ஓடுபாதை என்றால் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது மேலே உள்ள சிவப்புப் படலம். எட்டு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் 1.22 மீற்றர் அகலம். ஓடுபாதைகள் மட்டுமே ஏறக்குறைய 4,200 சதுர மீற்றர். 13 மில்லிமீற்றர் தடிப்பில் விரித்தால் 55 கனமீற்றர் பொருள் போகும். ஈட்டி எறிதல் ஓட்டத்தின் கடைசி 8 மீற்றரிலும் உயரம் பாய்தலின் கடைசி 3 மீற்றரிலும் 20 மில்லிமீற்றர் வேண்டும். தடைதாண்டல் நீர்க்குழியில் கால் விழும் இடத்தில் 25. விலையைக் குறைக்க விரும்புகிற ஒப்பந்தகாரர் முதலில் கைவைப்பது இந்தத் தடிப்பில். ஆகவே தடிப்பை எத்தனை இடத்தில், யார் முன்னிலையில் அளப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

ஆனால் பாதை கெடுவது பெரும்பாலும் மேலே அல்ல, கீழே. குறுக்குச் சரிவு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. நான்கு மீற்றர் நேர்சட்டம் வைத்தால் இடைவெளி 6 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. இந்த அளவை ஒரு காலபோக மழையும் ஒரு கோடையும் கடந்த பிறகும் காக்கிற மண் வன்னியில் எல்லா இடத்திலும் இல்லை. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி மாரியில் ஊதிக் கோடையில் கைநுழையப் பிளக்கும். அதன்மேல் போடும் எந்தத் தாரும் இரண்டாம் ஆண்டில் வெடிக்கும். அங்கே கட்டியே ஆக வேண்டுமென்றால் களியை வெட்டி அகற்றிக் கிரவல் நிரப்பி, படைபடையாக உருட்டி, ஒவ்வொரு படைக்கும் இறுக்கச் சோதனை செய்ய வேண்டும். நீள்வட்டம் மட்டும் 177க்கு 93 மீற்றர், நான்கு ஏக்கர். அந்தப் பரப்பில் ஒரு மீற்றர் வெட்டி நிரப்பினால் 16,000 கனமீற்றர் கிரவல். அது எந்தக் குன்றிலிருந்து வெட்டப்படும், அனுமதி யாரிடம் என்பதும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும். செம்மண் மேட்டு நிலத்தைத் தெரிவு செய்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லாமலே போகும். காணி இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தாழ்நிலத்தை ஏற்பதுதான் நாம் திரும்பத் திரும்பக் காணும் முதல் பிழை.

வெட்டுவது என்றதும் இன்னொன்று. கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் குறித்த ஓர் ஆழம் வரைக்கும்தான் செல்லும். பயிர்ச்செய்கைக்கும் குடியிருப்புக்கும் போதுமான அந்த ஆழம், அடித்தளத்துக்கும் வடிகாலுக்கும் தோண்டும் ஆழமாகாது. அரங்குக் காணியின் சான்றிதழில் ஆழம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குக் கீழே தோண்டுவதானால் மறுபரிசோதனைக்கான காலமும் பணமும் திட்டத்தில் வேண்டும். காணிக்கு உரிமை கோரும் குடும்பங்கள் இருந்தால் அந்தப் பிணக்கு தீர்ந்த பிறகே அளவைக் கயிறு போட வேண்டும்.

பிறகு தார். அஸ்பால்ற் இட்டபின் ஏறக்குறைய 28 நாள் ஆறவிட வேண்டும். திறப்பு விழா நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த 28 நாள்தான். ஆறாத தாரிலிருந்து எண்ணெய்ப் பசையும், ஈரமான அடித்தளத்திலிருந்து நீராவியும் மேலெழும். ஊற்றும்போது பொலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகிக் கொப்புளம் எழும். ஒரு ரூபாய்க் குற்றி அளவில் தொடங்கும் அந்தக் கொப்புளம் அடுத்த கோடையில் தட்டளவு ஆகும். கத்தியால் வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை, ஒட்டிய இடத்தில் ஆணிச் சப்பாத்து பட்டுப் பட்டு மீண்டும் பிரியும். ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே மேற்பரப்பு ஊற்றவே கூடாது. மாசியிலிருந்து ஆவணிக்குள் ஊற்றுவதானால் தார் அதற்கு ஒரு மாதம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும், அடித்தளம் முந்திய கோடையிலேயே போட்டு ஒரு மாரியைக் கண்டிருக்க வேண்டும். ஆக, முறையாகச் செய்தால் இரண்டு கோடை. எட்டு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று வருபவரிடம், இதில் எந்த வேலையை விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

அரங்கின் நீள் அச்சு வடக்குத் தெற்காக இருக்க வேண்டும், மாலை வெயில் கண்ணில் அடிக்காதிருக்க. ஆனால் வைகாசி முதல் புரட்டாதி வரை இங்கே சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். நேர்ப்பாதையில் பின்காற்று வினாடிக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் எதிலும் சாதனை செல்லாது. பிள்ளை ஓடிய ஓட்டம் ஓட்டமாகவே இருக்கும், பதிவேட்டில் மட்டும் ஏறாது. காணியைத் தெரிவு செய்யும் முன் ஓராண்டாவது அந்த இடத்தில் காற்றளவு எடுக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் பார்வையாளர் மாடமும் அதன் பின்னால் மூன்று வரிசை மரமும் வைத்தால் காற்று ஓரளவு அடங்கும். மரத்துக்கு வயது வர ஏழெட்டு ஆண்டு வேண்டும் என்பதால், முதல் நடவேண்டியது மரமே.

உலக மெய்வல்லுநர் சம்மேளனத்தின் இரண்டாம் தரச் சான்றிதழுக்குச் சரியான அளவீடும் அங்கீகரித்த மேற்பரப்புப் பொருளும் போதும். முதல் தரத்துக்கு, போட்ட பாதையிலேயே ஆய்வுகூடம் வந்து அதிர்வுறிஞ்சலையும் அமுங்குதலையும் இழுவலிமையையும் சோதிக்க வேண்டும். அதற்குமேல் பெருவிழா என்றால் அருகில் ஒரு பயிற்சி ஓடுபாதை, எறிதலுக்குத் தனி நிலம். வன்னிக்கு நாங்கள் சொல்வது: இரண்டாம் தரத்தில் ஒன்று, மாகாணப் போட்டிகளும் தேசியப் போட்டிகளும் நடக்கும் அளவுக்கு, ஆயிரம் பேர் அமரும் ஒரு மாடத்தோடு. மீதிப் பணம் பாடசாலை மைதானங்களின் சமதளத்துக்கும் வடிகாலுக்கும் போகட்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முழங்கால் தேய்ப்பது அங்கேதான்.

நீச்சல் தடாகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு மிகச் சுலபமானதும் காப்பதற்கு மிகக் கடினமானதும் அதுதான். 50க்கு 25 மீற்றர், பத்துப் பாதைகள். இரண்டு மீற்றர் ஆழமென்றாலே 25 இலட்சம் லீற்றர். பெருவிழாக்களுக்குப் பரிந்துரைக்கும் மூன்று மீற்றரென்றால் 37 இலட்சத்து 50 ஆயிரம். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் கொண்டுவந்தால் முதல் நிரப்பலுக்கே 250 முதல் 375 நடை. கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியானாலும் 6,000 லீற்றருக்கு மேல் தினமும் சேர்க்க வேண்டும். வடிகட்டியைக் கழுவும் நீர் அதற்கு வெளியே. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்கும் குடிநீருக்கும் பகிர்வதிலேயே எத்தனை ஆண்டு வாதம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறக்காத ஆண்டில் தடாகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் முன்கூட்டியே வேண்டும்.

கிணற்று நீர் என்றால் அதன் வன்தன்மை இன்னொரு தொல்லை. சுண்ணாம்பு வடிகட்டி மணலில் படிந்து மணல் கட்டியாகும், குழாயின் உள்விட்டம் சுருங்கும், காரத்தன்மை ஏறும். அதைக் காட்டும் பிஎச் (pH) அளவு 7.8ஐத் தாண்டினால் குளோரின் இட்டாலும் கிருமியைக் கொல்லும் வலு குறையும். பார்க்கத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், பிள்ளைகளுக்குக் காதுவலியும் கண்ணெரிவும் வரும். அடுத்தது வெப்பம். போட்டிக்கு நீர் 25 முதல் 28 பாகைக்குள் இருக்க வேண்டும். குளிர்நாட்டில் தடாகத்தைச் சூடாக்கச் செலவழிக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் இங்கே 30 பாகையைத் தாண்டும் நீரைக் குளிர்விக்கச் செலவழிக்க வேண்டும். 25 இலட்சம் லீற்றரை ஒரு பாகை இறக்க ஏறக்குறைய 2,900 அலகு (கிலோவாற் மணி) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிர்விப்பான் அதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ மின்சாரமாக இழுக்கும், வெயில் அதே நாளில் மீண்டும் சூடேற்றும். நான்கைந்து மணிக்கொரு முறை முழு நீரும் வடிகட்டியூடாகச் சுற்றிவர, மணிக்கு 500 கனமீற்றர் தள்ளும் பம்பிகள் இரவு பகலாக ஓட வேண்டும். மின்கட்டணம் கட்டமுடியாமல் இரண்டு வாரம் பம்பியை நிறுத்தினால் நீர் பச்சையாகும், ஒரு மாதம் விட்டால் நுளம்பு. வெறுமையாக்கி வைக்கலாமென்று நினைத்தால் மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து வெறுந்தொட்டியைக் கீழிருந்து தூக்கி வெடிக்க வைக்கும். தடாகத்தை மூடி வைப்பதற்கும் பணம் வேண்டும்.

ஆகவே 50 மீற்றர் தடாகத்தைக் கேட்காதீர்கள். 25 மீற்றரில், ஆறு பாதை, நிழற்கூரையோடு ஒன்று போதும். முல்லைத்தீவும் மன்னாரும் கடலை நம்பி வாழும் மாவட்டங்கள். குளங்களோ எல்லா ஊரிலும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கும் தடாகம் ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும்.

உள்ளக அரங்கு பற்றிச் சுருக்கமாக. பூப்பந்தாட்டத்துக்கு உயர்தரப் போட்டியில் ஆடுகளத்துக்கு மேல் 12 மீற்றர் தடையற்ற உயரம் கேட்பார்கள். குளிரூட்டியின் காற்று பந்தைத் தள்ளாதபடி காற்றுவழி அமைய வேண்டும். மரத்தளமென்றால் கறையான் தடுப்பு தளத்துக்குக் கீழேயே செய்யப்பட்டிருக்க வேண்டும், பிறகு செய்ய இடமில்லை. கூரை இடுக்கை வலையால் அடைக்காவிட்டால் வௌவாலும் புறாவும் ஒரு மாரிக்குள் தளத்தைக் கெடுத்துவிடும். மின்விளக்கில் பழைய மெற்றல் ஹேலைட் வகை வேண்டாம். ஒரு கணம் மின்சாரம் தடைப்பட்டாலே அது மீண்டும் எரியப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். மின்பிறப்பாக்கி பத்து வினாடியில் இயங்கினாலும் அரங்கு இருட்டில்தான் இருக்கும்.

தங்குமிடத்துக்குப் புதுக் குடியிருப்பு கட்ட வேண்டியதே இல்லை. 2022இல் பேர்மிங்காம், தனி வீரர் கிராமத்தைக் கைவிட்டுப் பல்கலைக்கழக விடுதிகளிலும் ஹோட்டல்களிலுமாக வீரர்களைத் தங்க வைத்தது. நமக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழக வளாகங்கள் இருக்கின்றன. விடுமுறையோடு திகதி பொருந்தினால் படுக்கைக்கு வழியுண்டு. கழிவுநீர்தான் சிக்கல். 3,500 பேர் தங்கினால், ஆளுக்கு 200 லீற்றர் என்று எடுத்தாலும் நாளுக்கு 7 இலட்சம் லீற்றர். பாதாளக் கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் அது மலக்குழிக்குள் போய் அயல் கிணறுகளுக்குத்தான் இறங்கும். விடுதிகளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் விழா வந்தாலும் வராவிட்டாலும் மாணவருக்குப் பயன். விழாவின் பெயரால் எதையாவது கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

எந்த மாதம் என்பதும் இங்கே எளிதல்ல. ஐப்பசி முதல் தை வரை மழை. 2018 டிசம்பர் வெள்ளமும் 2025 நவம்பர் டித்வா புயலும் மறக்கும் தூரத்தில் இல்லை. சித்திரை வெயிலில் நெடுந்தூர ஓட்டம் ஆபத்து. சோழகத்தில் காற்று. மிஞ்சுவது மாசியும் பங்குனியின் முற்பாதியும், அதுவோ காலபோக அறுவடைக் காலம். அறுவடை இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் வீதியில், நெல் வீதியோரத்தில் காய்கிறது, கூலிக்கு ஆள் கிடைக்காது. வீதிச் சைக்கிளோட்டத்துக்காக ஒரு நாள் வீதியை மூடுவதென்றால் கமக்கார அமைப்புகளோடு ஒரு மாதத்துக்கு முன்பே பேசித் திகதி குறிக்க வேண்டும்.

வீதிச் சைக்கிளோட்டத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வன்னியால் நன்றாகச் செய்யக்கூடிய பங்குகளில் அது முதலாவது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம், பிறகு ஏ9 வழியாகப் பரந்தன்: 130 கிலோமீற்றர் அளவில் ஒரு முக்கோணச் சுற்று, ஏற்கெனவே போட்ட வீதி. தேவைப்படுபவை குழி நிரப்பல், பாலத்தடியில் நெல்லுமி போல் சேரும் மணலைக் கூட்டுதல், சந்திகளில் தடுப்பு, கட்டாக்காலி மாடுகளைக் கட்டிவைக்க ஊர்வாரியாகப் பொறுப்பாளர், ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு முதலுதவி நிலை, பின்தொடரும் நோயாளர் காவு வண்டிகள். கடற்கரைக் கரப்பந்தாட்டத்துக்கு 16க்கு 8 மீற்றர் ஆடுகளமும் சுற்றிலும் வெற்றிடமும், சிப்பியும் கல்லும் அரித்தெடுத்த மணல் 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் போதும். முல்லைத்தீவுக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. அரிதட்டும் ஆட்களும்தான் வேண்டும். கபடிக்கு 13க்கு 10 மீற்றர் மெத்தை விரிப்பு, எந்த உள்ளக மண்டபத்திலும் விரிக்கலாம், முடிந்ததும் பாடசாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். உதைபந்தாட்டத்துக்கு 105க்கு 68 மீற்றர் புற்றரை. கோடையில் நாளுக்கு 35,000 லீற்றர் தண்ணீர் என்ற கணக்கோடு. பார்வையாளருக்கு வாடகை மாடங்கள், கொண்டுவந்து பூட்டிக் கழற்றிக்கொண்டு போகிறவை. இவ்வளவையும் செய்தால் விழாவின் ஒரு பகுதி இங்கே நடந்ததாகும், விழா போனபின் பூட்டி வைக்க ஒரு கட்டடமும் இராது.

வேண்டாம் என்று நாங்கள் உறுதியாகச் சொல்பவையும் சில உண்டு: சைக்கிளோட்டத்துக்கான 250 மீற்றர் மர வளைதடம், பாய்தலுக்கான ஐந்து மீற்றர் ஆழத் தடாகம், தினமும் நீர் தெளிக்கும் ஹொக்கித் தரை. ஏதென்ஸில் 2004 விழாவுக்காக ஹெலினிகோவில் கட்டிய ஹொக்கி, சொவ்ற்போல் அரங்குகள் புல் முளைத்துக் கிடந்தன. அந்த விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் அங்கே குறைவு. இங்கேயும் அப்படித்தான்.

அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விளையாட்டரங்கு பற்றிய எந்தப் பிரேரணை வந்தாலும், அதனோடு பின்வரும் தாள்களும் வர வேண்டும் என்று தீர்மானம் எடுங்கள். மண் பரிசோதனை அறிக்கையும் ஓராண்டுக் காற்று, வெள்ள மட்டப் பதிவும். கண்ணிவெடிச் சான்றிதழ், ஆழத்தோடு. காணி உரிமைக் கடிதம். கோடைகாலத் தண்ணீர் எங்கிருந்து என்பதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் எழுத்து மூலச் சம்மதம். கட்டி முடித்தபின் உரிமையாளர் பிரதேச சபையா, மாகாணத் திணைக்களமா, மத்திய அமைச்சா என்ற ஒற்றைப் பெயர். இரண்டு பெயர் இருந்தால் குழாய் உடையும் நாளில் இருவருமே வரமாட்டார்கள். நிரந்தர ஆளணி: தடாகத்துக்குப் பயிற்சி பெற்ற இயக்குநர் இருவரும் உயிர்காப்பாளர்களும், ஓடுபாதைக்குக் காவலர் ஒருவரும் மைதானப் பணியாளர் மூவரும், அங்கீகரிக்கப்பட்ட பதவிகளாக. ஓடுபாதை மேற்பரப்பைப் பத்தாண்டு அளவில் மீண்டும் இட வேண்டிவரும். அதற்கான நிதி முதல் ஆண்டிலிருந்தே தனிக் கணக்கில் சேர வேண்டும், பொதுக் கணக்கில் போட்டால் வேறு அவசரத்துக்குப் போய்விடும். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கும் பிடிபணத்தை ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் கழியும் வரை விடுவிக்கக் கூடாது.

இந்தத் தாள்களைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் வையுங்கள். அளவீடு, மண் பரிசோதனை, விலைமனு விபரம் தயாரித்தல், மேற்பரப்பு ஊற்றும் நாட்களில் தடிப்பு அளத்தல் ஆகியவற்றுக்கு எங்கள் உழைப்பைச் சம்பளமின்றித் தரத் தயாராக இருக்கிறோம். அழைக்கும் நாளும் இடமும் அறிவித்தால் வருவோம்.

இப்படிக்கு,
வன்னியின் மைதானப் பொறியியலாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், மெய்வல்லுநர் நடுவர்கள், பராமரிப்புத் தொழிலாளர்கள்